லோர்னா பேசியது பாலத்தைப் பற்றி

பென்சில்வேனியாவின் அந்தச் சிற்றூரில் இருபத்தாறு வருடங்களாகப் பள்ளிப் பேருந்து ஓட்டுகிற லோர்னா குபியாக் யாருக்கும் பயப்படுகிறவள் அல்ல. பள்ளிக்கூட வாரியத்தையே நிற்கவைத்துக் கேள்வி கேட்டவள். அவள் பயந்தது ஒன்றே ஒன்றுக்குத்தான். ஓடைப் பாலத்தின் இரும்பு துருப்பிடித்து உதிர்ந்துகொண்டிருந்தது. ஐம்பது பிள்ளைகளோடு தினமும் அதைக் கடக்க வேண்டும்.

கிறிஸ்தவர்கள் இறைச்சி தவிர்க்கும் தவக்கால வெள்ளிக்கிழமை ஒன்றில், தீயணைப்பு நிலையக் கூடத்தில் மீன் வறுவல் விருந்து. சட்டசபைக்கு நிற்கிற ஹார்லன் ஸ்ட்ரூப்பின் ஆட்கள் கேமராவோடு வந்து, ஊர்க்குறையைச் சொல்லுங்கள் என்றார்கள். லோர்னா கொட்டித் தீர்த்தாள். பிறகு ஒரு அட்டையில் காகிதத்தைச் செருகி நீட்டினார்கள். வண்டியைச் சோதித்துவிட்டு தினமும் காலையில் அதேபோன்ற அட்டையில் கையெழுத்துப் போட்டுப் பழகிய கை. எண்ணெய் விரலோடு படிக்காமலே போட்டுவிட்டாள்.

மூன்றாம் வாரம் தொலைக்காட்சியில் விளம்பரம் வந்தது. இருட்டுத் தெரு, கோழி ஆலை வாசலில் வேலை முடிந்து வெளியே வருகிற, குவாத்தமாலாவிலிருந்து குடியேறிய ஆட்கள், பின்னணியில் மிரட்டும் இசை. நடுவில் லோர்னாவின் முகம்: "தினமும் காலையில எனக்குப் பயமா இருக்கு. பிள்ளைங்களுக்கு ஏதாவது ஆயிட்டா?" பாலம் என்ற சொல்லே இல்லை. முடிவில் ஸ்ட்ரூப் பல்லைக் காட்டி, இந்தச் செய்திக்கு நானே பொறுப்பு என்றான். என்ன பொறுப்போ, வெட்கங்கெட்டவன்.

மறுநாள் ஓடிலியாவின் வீட்டு முன் நிறுத்தத்தில் அவள் மகள் நிற்கவில்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. ஓடிலியாவும் குவாத்தமாலாக்காரிதான், அதே ஆலையில் கோழி வெட்டுகிறவள், ஒவ்வொரு காலையும் மகளை லோர்னாவின் கையில் கொடுத்துவிட்டுப் போகிறவள். இப்போது பிள்ளையை அந்தப் பாலத்தின் மேல் நடத்தியே கூட்டிப்போகிறாள் என்று லோர்னா கேள்விப்பட்டாள்.

ஸ்ட்ரூப்பின் அலுவலகத்துக்குத் தொலைபேசியில் அழைத்துக் கத்தினாள். பேசியதை எப்படி வேண்டுமானாலும் வெட்டிப் பயன்படுத்தலாம் என்று நீங்கள் போட்ட கையெழுத்து இருக்கிறதே என்றார்கள். செய்தி பரவி, எதிர்க்கட்சிக்காரன் ஒருவன் வீட்டுக்கே வந்தான். உங்கள் மானத்தை நாங்கள் மீட்டுத் தருகிறோம், அந்தச் சிறுமியை மடியில் வைத்துக்கொண்டு கொஞ்சம் கண்கலங்கினால் போதும் என்றான். பாலத்தைக் கட்டுவீர்களா என்று கேட்டாள் லோர்னா.

"பாலத்துக்கெல்லாம் எவனும் ஓட்டுப் போட மாட்டான்மா. அழுகைக்குப் போடுவான்."

இவனும் அதே குட்டையில் ஊறிய மட்டைதான். அவனை வெளியே தள்ளாத குறையாக அனுப்பிவிட்டு, லோர்னா நேரே ஓடிலியாவின் வீட்டுக்குப் போனாள். கதவு பாதிதான் திறந்தது. தான் பேசியது பாலத்தைப் பற்றி, வெட்டி ஒட்டிவிட்டார்கள் பாவிகள் என்று மூச்சுவிடாமல் சொன்னாள். ஓடிலியா குறுக்கே பேசாமல் கேட்டாள். உள்ளே தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருந்தது.

"நீங்க சொல்றத நம்புறேன் லோர்னா. ஆனா நீங்க ஒரு தடவைதான வந்து சொல்றீங்க? அது ஒரு நாளைக்குப் பத்து தடவை சொல்லுது. எம்பொண்ணு எதை நம்புவா?"

ஓடிலியாவின் பின்னாலிருந்து எட்டிப் பார்த்த சிறுமி, லோர்னாவைக் கண்டதும் அம்மாவின் சட்டையை இறுகப் பிடித்துக்கொண்டு ஒதுங்கினாள்.