கம்ப்யூட்டர் இல்லாத கார்

அந்தக் காரை நான் வாங்கியது ஆசையால் இல்லை, வயிற்றெரிச்சலால். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு என்னை வண்டிப் பைத்தியம், ரசனைக்காரன் என்றெல்லாம் யாரும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம்.

என் பெரியப்பா பிரெஞ்சு ராணுவத்தில் சொல்தாவாக, அதாவது சிப்பாயாக, இருந்தவர். பிரெஞ்சுக்காரன் ஊரை விட்டுப் போன சமயத்தில், அந்த நாட்டுக் குடியுரிமை வேண்டுகிறவர்கள் எழுதிக் கொடுக்கலாம் என்றார்கள். பெரியப்பா எழுதிக் கொடுத்தார். என் அப்பா, அதெல்லாம் நமக்கெதற்கு என்று வழக்கம்போல் மில்லுக்கு ஷிப்டுக்குப் போய்விட்டார். அவ்வளவுதான் விஷயம். பெரியப்பா மகன் பாரிஸில் வேலை பார்த்தான், நான் உள்ளூரிலேயே, சாரம் பக்கத்தில், டயர் கடை வைத்தேன். இந்த மாதிரி இடத்தில் எல்லாரும் அப்பாவைக் குறை சொல்ல மாட்டேன் என்று எழுதுவார்கள். நான் சொல்வேன். ஒரு நாள் லீவு போட்டிருக்கலாம் அவர்.

பெரியப்பா மகன் என்னைவிட எட்டு வயது மூத்தவன். நேரில் அண்ணா, நீங்க, வாங்க என்பேன். மனதுக்குள் அவன், இவன்தான். வருடா வருடம் ஆகஸ்டில் வருவான். வந்தால் எங்கள் வீட்டில் அம்மா வஞ்சிரம் வறுத்து, இறால் தொக்கு வைத்து, இலை போட்டுப் பரிமாறுவாள். அவன் சாப்பிட்டுக்கொண்டே நம் ஊரில் எது எது சரியில்லை என்று ஒவ்வொன்றாகச் சொல்லுவான். ரோடு, சாக்கடை, கொசு, கடைசியில் என் வண்டி. நான் அப்போது வைத்திருந்தது ஒரு பழைய மாருதி. அவனுடைய காரில் பிரேக்கை எவ்வளவு வேகமாக அழுத்தினாலும் சக்கரம் பூட்டிக்கொள்ளாதாம். உள்ளே ஒரு கம்ப்யூட்டர் இருந்து விட்டு விட்டுப் பிடிக்குமாம். வளைவில் வழுக்கினால் அதுவே திருத்திக்கொள்ளுமாம். "உனக்குச் சொன்னா புரியாது தம்பி, ஓட்டிப் பாத்தாத்தான் தெரியும்" என்றான். டயர் கடைக்காரனிடம் சொல்கிறான் இதை.

அப்படியென்றால் வண்டியைக் கம்ப்யூட்டர் ஓட்டுகிறது, நீ எதற்கு உள்ளே உட்கார்ந்திருக்கிறாய் என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை. அவன் பேசுகிற இடத்திலும் நான் வாய் மூடுகிற இடத்திலும்தான் எங்கள் குடும்பம் எப்போதும் உட்கார்ந்திருந்தது.

அடுத்த வருடம் ஜூனில், கடற்கரைப் பக்கம் பிரெஞ்சுக்காரர் தெருக்களில் ஒன்றில், பங்களாக்காரர் ஒருவர் தன் காரை விற்கிறார் என்று கேள்விப்பட்டுப் போனேன். இரண்டே கதவு. ஆறு சிலிண்டர் பெட்ரோல் இன்ஜின். வயது பன்னிரண்டு இருக்கும், ஆனால் முடுக்கினால் முதுகு சீட்டோடு ஒட்டிக்கொள்ளும். அவன் சொன்ன அந்த பிரேக் கம்ப்யூட்டர், ஏபிஎஸ், கிடையாது. சக்கரம் வெறுமனே சுற்றினால் அடக்குகிற ஏற்பாடு கிடையாது. வழுக்கினால் பிடிக்கிற எதுவும் கிடையாது. பின் சக்கரத்தில் அத்தனை பலத்தையும் கொட்டிவிட்டு மீதியை ஓட்டுகிறவன் தலையில் கட்டிவிட்ட வண்டி. அவர் சிகரெட்டை அணைத்துவிட்டு ஒன்று சொன்னார்: "இதுல உங்களக் காப்பாத்த ஒண்ணும் கெடையாது. உங்க கால்தான்."

அந்த ஒரு வார்த்தைக்காகவே வாங்கினேன். கடைக்குப் பின்னால் ஷெட் போட வைத்திருந்தது மொத்தமும் அதில் போயிற்று. அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். கல்யாணத்துக்கு நிற்கிற தங்கை வீட்டில் இருக்க, இரண்டு பேருக்கு மேல் ஏற முடியாத வண்டி எதற்கு என்றாள். நியாயமான கேள்வி.

விமானதளம் பக்கத்து ரோட்டில் விடியற்காலையில் ஓட்டிப் பழகினேன். முதல் வாரமே ஒரு வளைவில் ஆக்ஸிலேட்டரைக் கொஞ்சம் அதிகம் மிதித்ததில் வண்டி சுழன்று, வந்த வழியைப் பார்த்து நின்றது. உயிர் போய் வந்தது. ஆனால் கற்றுக்கொண்டேன். பிரேக்கைக் கால் விரலால் அழுத்தி, டயர் கீச்சென்று கத்தத் தொடங்குகிற நொடியில் இம்மி தளர்த்த வேண்டும். சக்கரம் பூட்டிக்கொண்டுவிட்டால் ஸ்டீயரிங்கை எந்தப் பக்கம் திருப்பினாலும் வண்டி நேராகத்தான் போகும். பூட்டிவிட்டது என்று தெரிந்தால் பிரேக்கை விட வேண்டும். எதிரே என்ன இருந்தாலும் விட வேண்டும். இருபது வருடமாக டயர் சத்தம் கேட்கிறவனுக்கே இது கைவர ஒரு மாதம் ஆயிற்று. அந்த ஒரு மாதம், பொய் சொல்லக் கூடாது, சந்தோஷமாக இருந்தேன்.

ஆகஸ்டில் அவன் வந்தான். இந்தத் தடவை அம்மாவுக்கு அவன் தெய்வம் மாதிரி. என் தங்கைக்கு அங்கேயே வேலை பார்க்கும், பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள ஒரு பையனை அவன் பேசி முடித்துவைக்கப் போகிறான். எங்கள் ஊரில் அதற்கு மேல் ஒரு சம்பந்தம் கிடையாது. அப்பா போடாத கையெழுத்தைத் தங்கை கழுத்தில் தாலியாக வாங்கிக்கொள்ளலாம்.

அவனைப் பக்கத்து சீட்டில் உட்காரவைத்துக் கருவடிக்குப்பம் தாண்டி வடக்கே விரட்டிக்காட்ட வேண்டும் என்பதுதான் என் திட்டம். அவன் முகம் வெளுப்பதைப் பார்க்க வேண்டும். அதற்குத்தான் வாங்கினேன் என்று சொன்னேனே. ஆனால் வாசலில் வந்து நின்றதும் அவன் கையை நீட்டிச் சாவியைக் கேட்டான். நான் தயங்கினேன். அம்மா உள்ளேயிருந்து, அண்ணன் ஆசைப்படுறான், குடேன்டா என்றாள். இந்த வண்டி உங்கள் வண்டி மாதிரி இல்லை, பிரேக்கை ஒரேயடியாக மிதித்துவிடாதீர்கள் என்று இரண்டு தடவை சொன்னேன். அவன் சிரித்தான். கொடுத்துவிட்டுப் பக்கத்து சீட்டில் ஏறிக்கொண்டேன்.

சாயங்காலம் நாலரை மணி. அரை மணி நேரம் மழை பெய்து விட்டிருந்தது. ஊர் எல்லை தாண்டியதும் அவனுக்கு ரோடு பிடித்துப்போய்விட்டது. பிள்ளைச்சாவடி நெருங்கும்போது, தலையில் அன்னக்கூடையோடு ஒரு மீன்காரம்மா ரோட்டைக் கடந்தது தூரத்திலேயே தெரிந்தது. விலகிப் போக இடம் தாராளமாக இருந்தது. அவன் பிரேக்கை மிதித்தான், அவன் நாட்டில் மிதிக்கிற மாதிரி, இரண்டு காலையும் ஊன்றி. நாலு சக்கரமும் பூட்டிக்கொண்டன. ஸ்டீயரிங்கை முழுக்க வலது பக்கம் ஒடித்துவிட்டான். வண்டி நேராகப் போய்க்கொண்டே இருந்தது. "பிரேக்க வுடுங்கண்ணா, வுடுங்க" என்று கத்தினேன். ஆள் எதிரே நிற்கும்போது பிரேக்கை விடச் சொன்னால் யார்தான் விடுவார்கள். அதற்காக அவனை நான் இன்றைக்கும் குற்றம் சொல்லவில்லை. கடைசி வரை மிதித்தபடியே இருந்தான்.

வேகம் பாதிக்கு மேல் குறைந்துதான் இடித்தது. இல்லாவிட்டால் அந்தம்மா பிழைத்திருக்க மாட்டாள். இடது முழங்காலும் தொடை எலும்பும் நொறுங்கிப்போயின. ரோடெல்லாம் காரப்பொடி மீன் சிதறிக் கிடந்தது. நான் இறங்கி ஓடி அவள் தலையைத் தூக்கிப் பிடித்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. எனக்குப் பின்னால், டிரைவர் பக்கத்துக் கதவைத் திறந்து இறங்கி நின்ற அவனைப் பார்த்தாள்.

ஊர் ஆட்கள் கூடுவதற்கு முன்னால் அவன் என் தோளைத் தொட்டான். நம் ஊர் லைசென்ஸ் இல்லை, நாலு நாளில் பிளைட், பாஸ்போர்ட்டைப் பிடுங்கிவைத்தால் வேலை போய்விடும் என்று மூச்சு வாங்கச் சொன்னான். பிறகு தங்கையின் பேரைச் சொன்னான். அதற்கு மேல் சொல்லத் தேவையில்லை. அங்கே குடியுரிமை உள்ளவன் பிளைட் ஏறுவான், இங்கே இருப்பவன் ஸ்டேஷனுக்குப் போவான். இது எங்கள் மாதிரிக் குடும்பங்களில் யாரும் உட்கார்ந்து பேசி முடிவு செய்கிற விஷயமே இல்லை. சாவி என் கைக்கு வந்திருந்தது.

பெரியாஸ்பத்திரியில் ஏட்டு வந்து அந்தம்மாவிடம் கேட்டார். காலைக் கட்டிப் போட்டிருந்தார்கள், வலியில் உதடு காய்ந்திருந்தது, ஆனாலும் தெளிவாகப் பேசினாள். ஓட்டியது இவர் இல்லை, கண்ணாடி போட்ட, சிவப்பா இருந்த இன்னொருத்தர் என்றாள். ஏட்டு என்னைப் பார்த்தார். நான்தான் ஓட்டினேன் என்றேன். ஏட்டு அவளிடம் நல்லபடியாகவே சொன்னார், ஓட்டியவரே ஒத்துக்கொள்கிறார், உனக்கு என்னம்மா, அடிபட்ட அதிர்ச்சியில் குழம்பியிருப்பாய் என்று. அவள் அவரை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"அப்ப நான் பொய் சொல்றனா?"

நான் தரையைப் பார்த்தேன். கேஸ் என் மேல் எழுதப்பட்டது.

அவன் சொன்ன தேதியில் பிளைட் ஏறினான். இரண்டு மாதத்தில் போன் செய்தான். பையன் வீட்டார் யோசிக்கிறார்களாம். பெண்ணின் அண்ணன் மேல் ஆக்ஸிடென்ட் கேஸ் இருக்கிறது என்று அவர்களுக்கு எப்படியோ தெரிந்துவிட்டதாம். எப்படியோ! அம்மா அன்று முழுக்க அழுதாள். அவனைத் திட்டி அழவில்லை, என்னைத் திட்டி அழுதாள். அந்தச் சனியன் பிடித்த வண்டியை வாங்காமல் இருந்திருந்தால் என்றாள். தங்கை மட்டும் திட்டாமல் சோறு போட்டாள்.

அந்தம்மா வீட்டுக்கு நான் மாதம் ஒரு தடவை போனேன். பிள்ளைச்சாவடியில் கடலைப் பார்த்த வரிசையில் கடைசி வீடு. கோர்ட் மூலம் இன்சூரன்ஸில் வர வேண்டியது வந்தது. ஆனால் கம்பு ஊன்றி வாசல் வரைக்கும்தான் அவளால் நடக்க முடிந்தது. கூடை தூக்குகிற வேலை முடிந்தது. மூன்று தெருவுக்குக் குரல் கொடுத்து மீன் விற்றவள், வாசலில் உட்கார்ந்து மற்றவர்களுக்கு வலை சிக்கு எடுத்துக்கொண்டிருந்தாள். நான் கொண்டுபோகிற பழத்தைப் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிடுவாள். மூன்றாவது தடவையோ நாலாவது தடவையோ போனபோது, என்னை உட்காரச் சொல்லிவிட்டுப் பேசினாள்.

"நீ இன்னாத்துக்குப்பா வர்ற? அவர வரச் சொல்லு. இங்க வந்து, நான்தான் இடிச்சேன்னு ஒரு வார்த்த சொல்லட்டும். என் புள்ளைங்களே நான் கொழம்பிட்டேன்னு சொல்லுதுங்க. வேற ஒண்ணும் வேணாம் எனக்கு."

அழைத்துவருகிறேன் என்று சொன்னேன். என் வாழ்க்கையில் நான் உண்மையாகச் செய்ய நினைத்த காரியம் அது ஒன்றுதான். ஆகஸ்டுக்காகக் காத்திருந்தேன்.

அவன் வந்தான், சாக்லேட்டும் சென்ட்டும் கொண்டுவந்தான். என் வண்டியைப் பார்த்ததும், இன்னும் இதை விற்கவில்லையா, புத்தியே வராதா உனக்கு என்றான். பிள்ளைச்சாவடிக்குப் போக வேண்டும், அந்தம்மா உங்களைப் பார்க்க ஆசைப்படுகிறாள் என்றேன். மறுப்பான், சண்டை போட வேண்டிவரும் என்று தயாராக இருந்தேன். அவன் உடனே கிளம்பினான். வழியில் நிறுத்தச் சொல்லி ஆப்பிளும் ஹார்லிக்ஸும் வாங்கிக்கொண்டான். எனக்கு அவன் மேல் இருந்த கோபத்தில் பாதி அங்கேயே கரைந்தது. ஆள் பரவாயில்லை, நாம்தான் தப்பாக நினைத்துவிட்டோம் என்றுகூடத் தோன்றியது. நான் ஓட்ட, அவன் பக்கத்தில் உட்கார்ந்து, மெதுவாகப் போ, மெதுவாகப் போ என்று சொல்லிக்கொண்டே வந்தான். பயம் இருக்கத்தானே செய்யும் என்று நினைத்தேன்.

அந்தம்மா வாசலில் இருந்தாள். அவனைப் பார்த்ததுமே அடையாளம் தெரிந்துவிட்டது. வலையை மடியிலிருந்து இறக்கிவைத்துவிட்டு, கம்பை ஊன்றி, சுவரைப் பிடித்து எழுந்து நின்றாள். உள்ளேயிருந்த மகனையும் மருமகளையும் கூப்பிட்டாள். அவர்களைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டாள். அவள் முகத்தில் இருந்ததை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. ஒரு வருடமாகக் காத்திருந்த முகம்.

அவன் பையை மருமகளிடம் கொடுத்தான். இரண்டு கையையும் கூப்பினான். குரல் தழுதழுக்கத்தான் பேசினான், நடிப்பு இல்லை. அதுதான் என்னை இன்றைக்கும் தூங்கவிடாமல் செய்கிறது.

"மன்னிச்சிடுங்கம்மா. என் தம்பிக்கு வேகம் ஜாஸ்தி. அன்னைக்கே பக்கத்துல உக்காந்துக்கினு சொன்னேன், மெதுவா போடான்னு. கேக்கல. அவன் பண்ண தப்புக்கு அண்ணன்ற முறையில நான் மன்னிப்புக் கேட்டுக்கறேன்."

ஒரு வருடம் அவன் இதைப் பாரிஸில் எத்தனை பேரிடம் சொல்லியிருப்பான், அவனுக்கே இது நடந்ததாகிவிட்டது. மகன் அம்மாவைப் பார்த்து, நான்தான் சொன்னேனே என்பதுபோல் தலையை ஆட்டினான். அந்தம்மா மகனையும் பார்க்கவில்லை, அண்ணனையும் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள். அவசரப்படுத்தவில்லை. பின்னால் அலை மூன்று நாலு தடவை வந்து போகிற நேரம் வரை என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். அப்போது தங்கைக்கு வேறு இடம் அவன் மூலமாகவே பேசிக்கொண்டிருந்தார்கள். அது என் நினைவுக்கு வந்தது என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். வரவில்லை. எதுவுமே நினைவுக்கு வரவில்லை. அண்ணன் பேசினால் நான் பேச மாட்டேன், அவ்வளவுதான்.

அவள் மெல்லச் சுவரைப் பிடித்தபடி உட்கார்ந்தாள். வலையை எடுத்து மடியில் போட்டுக்கொண்டாள். பிறகு அவனிடம் சொன்னாள்:

"உங்க தம்பி மேல ஒரு தப்பும் இல்ல சார். அவருக்கு வாய்தான் இல்ல."