நோரா சொன்ன ஐந்தாவது மன்றாட்டு

டாக்டர்களின் கையெழுத்தைப் படிக்க ஜூலியாவை விட்டால் ஆள் கிடையாது. ரிச்சர்ட்ஸ் டவுனில் ஒரு பல் கிளினிக்கின் ரிசப்ஷனில் பதினோரு வருடமாக உட்கார்ந்திருக்கிறார். பக்கத்து மருந்துக் கடைக்காரரே சில நேரம் சீட்டைத் தூக்கிக்கொண்டு வருவார்.

"என்னக்கா இது, ரெண்டு வேளையா, மூணு வேளையா?"

"மூணு. இதக்கூடப் படிக்கத் தெரியாம கடை வெச்சிருக்க" என்பார் ஜூலியா, தலை நிமிராமல்.

அவரைப் பற்றி எழுதட்டுமா என்று கேட்டேன். "என்னப் பத்தி எழுத என்ன இருக்கு? நான் பண்ண தப்ப எழுது. வேற யாராச்சும் பண்ணாம இருக்கட்டும்" என்றார். அதனால் அதைத்தான் எழுதுகிறேன்.

ஜூலியாவுக்கு ஒரே மகள், நோரா. நாலாம் வகுப்பு. எங்கள் கோயிலில் அவளைத் தெரியாதவர்கள் இல்லை. ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்தை ஃபாதரின் இருமலோடு சேர்த்து அப்படியே திருப்பிச் சொல்வாள். பள்ளி விட்டதும் கிளினிக்குக்கு வந்து, பல் பிடுங்கப் பயந்து உட்கார்ந்திருப்பவர்களைப் பேசிப் பேசியே சிரிக்க வைப்பாள். இவ்வளவு சூட்டிகையான பிள்ளைக்கு மார்க் மட்டும் ஏன் வரவில்லை என்பதற்கு வீட்டில் பதில்கள் தயாராக இருந்தன. கன்னடத்தில் குறைந்தால், "நம்ம வீட்ல யாரு கன்னடம் படிக்கிறோம்?" தமிழ் வாசிக்க வரவில்லையா, "ஸ்கூல்ல தமிழ் இல்லையே." இங்கிலீஷில் குறைந்தால், "வாய் ஜாஸ்தி, கவனம் கம்மி." ஒவ்வொரு மொழிக்கும் ஒரு காரணம் கைவசம் இருந்தது. மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து யாரும் பார்க்கவில்லை.

போன வருடத் திருவிழாப் பூசையில் ஐந்து பிள்ளைகள் மைக்கில் ஆளுக்கொரு மன்றாட்டு, அதாவது ஒரு வேண்டுதல், சொல்ல வேண்டும்; ஒவ்வொன்றின் முடிவிலும் எல்லாரும் "கேட்டருளும்" என்பார்கள். நோராவுக்கு மூன்றாவது, நோயாளிகளுக்காக. தமிழ் படிக்காத பிள்ளைகளுக்கு இங்கே எல்லாரும் செய்வதுபோல, ஜூலியா அதை இங்கிலீஷ் எழுத்தில் எழுதிக் கொடுத்தார்.

"நீ ஒரு தடவ படிச்சுக் காட்டும்மா. எங்க நிறுத்தணும்னு தெரியணும்ல" என்றாள் நோரா.

குழம்பைக் கிளறிக்கொண்டே ஜூலியா படித்துக் காட்டினார். பிறகு நோரா தாளைப் பிடித்துக்கொண்டு ஒரு பிழை இல்லாமல் சொன்னாள். "எவ்ளோ அழகா படிக்கிறா பாருங்க" என்று கணவர் ரெமிஜியஸிடம் ஜூலியாவுக்கு ஒரே பெருமை.

திருவிழா அன்று பூசை தொடங்க ஐந்து நிமிடம் இருக்கும்போது, பிள்ளைகளை ஒழுங்கு செய்யும் கிளிஃபர்ட் அங்கிள் வந்தார். "ஆண்ட்ரூவுக்கு அஞ்சாவது வாயில நுழையல. உன்னோடத அவனுக்குக் குடு. நீ அஞ்சாவது எடுத்துக்கோ, இறந்தவங்களுக்காக. நீதான் நல்லா படிப்பியே."

நோரா தாளை வாங்கிக்கொண்டாள்.

நான் அன்று பாடகர் குழுவில் நின்றிருந்தேன். நோரா மைக் முன்னால் வந்து தாளைப் பார்த்தாள். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு நிமிர்ந்து பேசத் தொடங்கினாள். முழுவதும் எனக்கு நினைவில்லை. ஒரு வரி மட்டும் போகவே இல்லை: "இறந்து போனவங்களோட தட்ட இன்னும் எடுத்து உள்ள வைக்க மனசு வராதவங்களுக்காகவும் வேண்டிக்கிறோம்." அப்போதுதான் கணவரை இழந்திருந்த காந்தா அக்கா முன் வரிசையில் முகத்தை மூடிக்கொண்டார். கோயிலே சேர்ந்து "கேட்டருளும்" என்றது. அடுத்த பாட்டில் நான் பாதியில்தான் சேர்ந்துகொண்டேன்.

ஜூலியா மட்டும் அதைக் கேட்கவில்லை. ஐந்து மன்றாட்டும் இருந்த தாள் அவர் மடியில் இருந்தது. நோரா சொன்ன ஒரு வார்த்தைகூட அதில் இல்லை என்று விரலை வைத்துத் தேடிக்கொண்டிருந்தார்.

பூசை முடிந்ததும் கிளிஃபர்ட், "எழுதிக் குடுத்தத விட்டுட்டு சொந்தப் பிரசங்கம் பண்றா உங்க பொண்ணு. அடுத்த வருஷம் ஃபாதர வீட்டுக்கு அனுப்பிடலாம்" என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். ஜூலியாவுக்கு மானம் போனது.

வீட்டுக்கு வந்ததும், "அவ்ளோ திமிரா உனக்கு? அந்தப் பேப்பர்ல இருக்கறத அம்பது தடவ எழுது. பாக்காமயே சொல்ற அளவுக்கு வரணும்" என்றார்.

நோரா இரண்டு நாள் எழுதினாள். ஜூலியா தாள்களை எண்ணிப் பார்த்துவிட்டு ஓரமாகப் போட்டார். படித்துப் பார்க்கவில்லை.

நாலு மாதம் கழித்து அந்தத் தாள்களின் பின்பக்கத்தில் நோரா கிளினிக்கில் படம் வரைந்துகொண்டிருந்தாள். புதிதாகச் சேர்ந்திருந்த டாக்டர் அச்யுத் படத்தைப் பாராட்டிவிட்டுத் தாளைத் திருப்பினார். பேஸ்ட் டப்பா ஒன்றை நீட்டி, "இதுல என்ன போட்டிருக்கு, படி பாக்கலாம்" என்றார்.

"நீங்களே படிங்க டாக்டர். உங்க குரல்ல கேட்டா டிவி விளம்பரம் மாதிரியே இருக்கும்."

காத்திருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். அச்யுத்தும் சிரித்தார். அவள் வெளியே போனதும் ஜூலியாவின் மேசைக்கு வந்தார்.

"இத பாருங்க. ஒரு வரி முடிச்சு அடுத்த வரி எழுதல. மொத வார்த்தைய மேலருந்து கீழ வரைக்கும், அப்புறம் ரெண்டாவது வார்த்தைய. இது எல்லாப் பசங்களும் பண்ற குறுக்கு வழிதான். ஆனா இங்க ஒரு 'd', 'b' ஆயிடுச்சு. அதுக்குக் கீழ இருக்கற எல்லாமே 'b'. படத்தப் பாத்து வரையற மாதிரி எழுதியிருக்கா. எப்ப படிக்கச் சொன்னாலும் இப்படித்தான் சிரிக்க வெச்சுட்டுப் போயிடுவாளா?"

ஜூலியா தாளை வாங்கி, விரலை வைத்து மேலிருந்து கீழே பார்த்தார்.

"என் தம்பி எட்டாங்கிளாஸ் வரைக்கும் இப்படியே ஓட்டினான். நான் பல் டாக்டர், இது என் வேலை இல்ல. எழுத்து மட்டும் பிடிபடாத டிஸ்லெக்ஸியாவா இருக்கலாம், இல்லாமலும் போகலாம். டெஸ்ட் பண்ணிப் பாருங்க ஜூலியா."

அன்று சாயங்காலம் ஜூலியா கதைப் புத்தகம் ஒன்றைத் திறந்து நோராவின் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"நீ ஒரு தடவ படிச்சுக் காட்டும்மா, அப்புறம் நான் படிக்கிறேன்" என்றாள் நோரா.

எத்தனையோ வருடமாகக் கேட்ட வார்த்தைதான். அன்றைக்குத்தான் காதில் விழுந்தது என்கிறார் ஜூலியா.

"நான் படிக்காம, நீயா படிக்க முடியாதா கண்ணு?"

நோரா அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். கோபம் இல்லை என்று தெரிந்த பிறகுதான் பேசினாள். "எல்லாரும் இப்படித்தான் பண்றாங்கன்னு நெனச்சேம்மா. அவங்கெல்லாம் என்ன விட சீக்கிரம் மனப்பாடம் பண்ணிடறாங்கன்னு நெனச்சேன்."



அடுத்த மாதம் டெஸ்டுக்குத் தேதி வாங்கியிருக்கிறார்கள். என்ன வரும் என்று தெரியாது. அதைவிட ஜூலியாவை அரிப்பது வேறு ஒன்று. நோரா அன்று தானாகச் சொன்ன மன்றாட்டு என்ன என்று கோயிலில் ஒவ்வொருவராகக் கேட்டுப் பார்த்தார். எனக்கு அந்த ஒரு வரிதான் தெரிந்தது. காந்தா அக்காவும் அதையேதான் சொன்னார். கடைசியில் நோராவிடமே கேட்டிருக்கிறார்.

"திருவிழா அன்னிக்கு மைக்ல சொன்னியே கண்ணு, அந்த மன்றாட்டு. அம்மா சரியா கேக்கல. இன்னொரு தடவ சொல்றியா?"

நோரா எழுந்து நேராக நின்றாள். கையைக் கட்டிக்கொண்டாள். தாளில் இருந்த மன்றாட்டை முதல் வார்த்தையிலிருந்து கடைசி வரை ஒரு பிழை இல்லாமல் சொன்னாள். அம்பது தடவை எழுதிய அந்த இரண்டு நாளில், அப்பாவை ஒருமுறை படித்துக் காட்டச் சொல்லி மனதில் பிடித்துவைத்தது.

முடித்துவிட்டுக் கேட்டாள், "இப்ப சரியா சொல்லிட்டேனாம்மா?"