ஸ்டெல்லா எங்கே போக விரும்பினாள்?

சேலத்துக்கு மேலே மலையில், ஒண்டிக்கடை என்ற இடத்தில் நான் வக்கீல் ஆபீஸ் போட்ட புதிதில் மேரி அக்கா வந்தார். செம்மநத்தத்துக்காரர், காபி எஸ்டேட்டில் வேலை. கணவர் இல்லை. ஒரே மகள் ஸ்டெல்லா, இருபத்திரண்டு வயது.

"ஏனுங்க வக்கீலம்மா, எங்கூடப் பொறந்தவனே எம்புள்ளைய குப்பனூர்ல அடைச்சு வெச்சிருக்கானுங்க. அவன் பையனுக்குக் கட்டி வெக்கோணுமாம். ஸ்டேசன்ல சொன்னா, குடும்ப விசயம், பேசித் தீத்துக்கோங்கறாங்க."

சட்டக் கல்லூரியில் எனக்குப் பிடித்த பாடமே ஆட்கொணர்வு மனுதான். அடைத்து வைத்தவர் ராஜாவே ஆனாலும், ஆளைக் கொண்டுவந்து நிறுத்திக் காரணம் சொல்லியாக வேண்டும். மனிதனின் சுதந்திரத்தைக் காக்கத்தான் அரசாங்கமே இருக்கிறது என்று ஐரோப்பியச் சிந்தனையாளர்கள் எழுதியதையெல்லாம் மனப்பாடம் செய்திருந்தேன். தாய்மாமனைப் பற்றி அவர்கள் ஒன்றும் எழுதவில்லை. குழம்பிப்போய்ச் சென்னையிலிருந்த என் சீனியருக்குப் போன் செய்தேன்.

"தனி ஆள் அடைச்சு வெச்சாலும் மனு செல்லும். போடும்மா" என்றார்.

போட்டோம். போலீஸ் ஸ்டெல்லாவை ஹைகோர்ட்டில் கொண்டுவந்து நிறுத்தியது. இரண்டு நீதிபதிகளில் ஒருவர் அவளிடமே கேட்டார்.

"மாமா வீட்ல உங்க விருப்பத்தோடதான் இருந்தீங்களா?"

"இல்லீங்க ஐயா. வெளியவே உடல."

ஜெயித்துவிட்டோம் என்றே நினைத்தேன்.

"சரி, இப்ப எங்க போக விரும்புறீங்க?"

அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். நான் மேரி அக்காவை ஜாடை காட்டினேன்.

"அம்மா ஊட்டுக்கும் போகலீங்க" என்றாள். "அங்கயும் போனப் புடுங்கி வெச்சுக்கிட்டு, கதவப் பூட்டிட்டுத்தான் வேலைக்குப் போவாங்க. சேலத்துல ஹாஸ்டல்ல தங்கி நர்சிங்க முடிக்கோணுங்க."

நான் எழுந்து ஆட்சேபிக்க வேண்டுமா, சும்மா இருக்க வேண்டுமா? நான் மேரி அக்காவின் வக்கீல். சும்மா இருந்துவிட்டேன். ஸ்டெல்லா மேஜர், விருப்பப்படி போகலாம் என்று உத்தரவிட்டு மனுவை முடித்தார்கள்.

வெளியே வந்ததும் மேரி அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நாம ஜெயிச்சமா, தோத்தமாங்க?"

"தெரியலீங்கக்கா."

"எந்தம்பி வந்து தூக்கிட்டுப் போயிருவான்னு பயந்துதானுங்க பூட்டுனேன். அதுவுங் குத்தமுங்களா?"

புத்தகத்தில் இதற்குப் பதில் உண்டு. அதைச் சொல்லாமல், அவர் கையை விடாமல் பஸ் ஸ்டாப் வரை நடந்தேன்.

இளம் வக்கீல்களே, இந்த மனுவில் கையெழுத்துப் போடுபவர் ஒருவர். மனு விடுவிப்பது இன்னொருவரை. இப்போதெல்லாம் யார் வந்தாலும் நான் முதலில் சொல்வது இதுதான்: "வெளிய வந்தா உங்ககூடத்தான் வருவாங்கன்னு சொல்ல முடியாதுங்க. பரவாயில்லைங்களா?"

சிலர் எழுந்து போய்விடுகிறார்கள். முன்கூட்டியே சொல்லியிருந்தால் மேரி அக்காவும் எழுந்து போயிருப்பாரா என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.