தாடையில் குடியிருந்த பேய்

எனக்கு வயது எழுபத்தெட்டு. ஆறு பேரை வளர்த்து ஆளாக்கினேன். போன வருடம் தாடையில் ஒரு கட்டி வந்தது. புற்றுநோயோ என்று வீடே பயந்தது. சதைத் துணுக்கைச் சோதித்துப் பார்த்த டாக்டரம்மா, "பல்லு உண்டாகிற சதையில வந்த கட்டி பாட்டி. உள்ள கோஸ்ட் செல் இருக்கு" என்றார்.

கூட வந்திருந்த மகன் எழுந்துவிட்டான். "பேயா? அம்மா, இன்னிக்கே கோயிலுக்குப் போவோம் லா!"

டாக்டரம்மா சிரித்துவிட்டார். "பேருதான் பேய், அண்ணே. செல்லுக்கு நடுவுல இருக்கிற கரு மறைஞ்சு, வெறும் கூடு மட்டும் வெளுத்துத் தெரியும். புற்று இல்ல. வெட்டி எடுத்துட்டாப் போதும்."

எடுத்துவிட்டார்கள். இன்று லிட்டில் இந்தியாவில் வாங்கிய முறுக்கை நானே கடித்துத் தின்றேன்.

கண்ணு, நான் சொல்லி நீ எழுதியதைப் படித்துக் காட்டு. பேய் வருகிற இடத்தைச் சத்தமாகப் படி, உன் அப்பனுக்கும் கேட்கட்டும்.