ஏழாம் வீட்டு மஞ்சள்

சுன்னாகம் புகையிரத நிலையத்துக்குப் போகும் வீதியில் எனக்கு ஒரு போட்டோக்கொப்பிக் கடை இருக்கிறது. ஒரு லேசர் பிரின்டர், ஒரு ஸ்கேனர், ஒரு கொம்பியூட்டர், இவற்றுக்கு நடுவில் நான். என் கடைப் பிரதியில் எழுத்து கறுப்பென்றால் கறுப்பு, தாள் வெள்ளையென்றால் வெள்ளை. பழுத்துப்போன காணி உறுதிப் பத்திரத்தையும் நேற்று அடித்ததுபோல எடுத்துக் கொடுப்பேன். அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. இல்லையென்று சொன்னால் அம்மாவே சிரிப்பார்.

இரகசியம் பெரிதாக ஒன்றுமில்லை. ஸ்கேனரில் ஒரு பட்டன் இருக்கிறது. அதை அழுத்தினால் மங்கலானதெல்லாம் வெள்ளையாகிவிடும், நிறம் ஏறியதெல்லாம் கறுப்பாகிவிடும். எந்தத் தாள் வந்தாலும் முதலில் அதை அழுத்திவிட்டுத்தான் எனக்கு மற்ற வேலை.

இப்படியிருக்க, என் தங்கச்சிக்கு ஒரு சம்பந்தம் வந்தது. சாவகச்சேரி மாப்பிள்ளை. தரகர் தேடிக் கொண்டுவந்த இடம் என்று அம்மா நம்பினார். உண்மையில் தங்கச்சியும் அவரும் ஒரே பாடசாலையில் படிப்பிக்கிறவர்கள், இரண்டு வருடமாக விரும்புகிறவர்கள். தரகரைப் பிடித்து இரண்டு வீட்டுக்கும் அனுப்பியதே அவர்கள்தான். இது எனக்கு மட்டும் தெரியும். சாதகக் குறிப்புப் பொருந்தினால் கலியாணம், பொருந்தாவிட்டால் இரண்டு வீட்டிலும் பூகம்பம். தங்கச்சி அந்தக் கிழமை முழுக்கச் சோற்றைப் பிசைந்தாளே தவிரச் சாப்பிடவில்லை.

அம்மா அவளுடைய குறிப்பை என்னிடம் தந்துவிட்டார். நல்ல காரியத்துக்குப் போகும் தாளுக்கு நான்கு மூலையிலும் மஞ்சள் பூசுவது எங்கள் வழக்கம். இந்தச் சம்பந்தம் அம்மாவுக்கு அளவுக்கு மிஞ்சிப் பிடித்துவிட்டது. மூலைகள் போதாதென்று, சாதகக் கட்டத்தில் கலியாணத்துக்குரிய ஏழாம் வீட்டிலும் குழைத்த மஞ்சளில் தடிப்பாக ஒரு பொட்டு வைத்திருந்தார். அது காய்ந்துகூட முடியவில்லை. கடையிலோ பரீட்சை விண்ணப்பத்துக்கு வந்த கூட்டம். தாளைக் கண்ணாடியில் கவிழ்த்தேன், பட்டனை அழுத்தினேன், வந்த படத்தைப் பார்க்காமலே தரகரின் வட்ஸ்அப்புக்கு அனுப்பினேன். ஊராருடைய தாளை மூன்று தரம் பார்க்கிற நான்.

அரை மணித்தியாலத்தில் ஒரு பெரியவர் தன் உறுதியின் பிரதியோடு திரும்பி வந்தார். நடுவில் ஒரு கறுப்புப் பொட்டு. அவருக்குப் பின்னால் ஒரு மாணவி. அவளுடைய பெறுபேற்றுத் தாளிலும் அதே இடத்தில் அதே பொட்டு. பிரின்டரின் உருளையில் பழுது என்றால் அடையாளம் ஒரே தாளில் சம இடைவெளி விட்டுத் திரும்பத் திரும்ப விழும். இது தாளுக்கு ஒன்றேயொன்று, எல்லாவற்றிலும் ஒரே இடம். அப்படியென்றால் ஸ்கேனர் கண்ணாடிதான். மூடியைத் திறந்தால் மஞ்சள் ஒட்டிக்கொண்டு கிடக்கிறது. அனுப்பிய படத்தைத் திறந்து பார்த்தேன். ஏழாம் வீடு இருந்த இடத்தில் தார் ஊற்றியதுபோல ஒரே கறுப்பு.

பின்னேரம் தரகர் அழைத்தார். மாப்பிள்ளையின் தகப்பன் ஓய்வுபெற்ற தபாலதிபர். பாவித்த முத்திரையைக் கழுவி ஒட்டினாலும் கண்டுபிடித்துவிடுவாராம். ஏழாம் வீட்டில் எதையோ மறைத்திருக்கிறார்கள், இந்தப் பேச்சை விடுங்கள் என்று சொல்லிவிட்டாராம்.

தங்கச்சி அழவில்லை. "அக்கா, நீ ஏன் ஒருக்கால் பாக்கேல்லை?" என்று மட்டும் கேட்டாள். அதற்குப் பதிலாக அவள் எனக்கு இரண்டு அறை போட்டிருக்கலாம்.

நான் தரகரைப் பிடித்துக் கெஞ்சினேன். மாப்பிள்ளையின் தகப்பன் கடைக்கு வந்து மூலக் குறிப்பைத் தன் கண்ணாலேயே பார்க்கட்டும், அப்படியே மகனுடையதையும் கொண்டுவந்தால் அம்மாவுக்கும் ஒரு பிரதி எடுக்கலாம் என்றேன். மறுநாள் காலையில் அவர் வந்தார். கதிரையைக் காட்டினேன், இருக்கவில்லை. ஸ்கேனர் கண்ணாடியை இரண்டு தரம் துடைத்தேன். பட்டனைத் தொடாமல், கலரில், உள்ள துல்லியமெல்லாம் கூட்டி எடுத்தேன். திரையில் மஞ்சள் மஞ்சளாகவே வந்தது. அதனூடாக எழுத்து தெரிந்தது. பெருப்பித்துக் காட்டினேன். சுரண்டலும் இல்லை, அழித்தலும் இல்லை. அவர் மூக்குக்கண்ணாடியை ஏற்றி இறக்கி, மூலத்தையும் பார்த்து, பிறகு வாய்விட்டுச் சிரித்தார்.

"அம்மா பூசின மஞ்சளே உது? நான் என்னெல்லாமோ நினைச்சுப்போட்டன். குறை நினையாதேங்கோ பிள்ளை."

எனக்கு அவரைக் கட்டிப்பிடிக்கலாம் போலிருந்தது. அந்த உற்சாகத்தில் அவர் மகனுடைய குறிப்பை நீட்டி, இதையும் அதேமாதிரித் தெளிவாக எடுக்கச் சொன்னார். எடுத்தேன். பெருப்பித்தபோது இருவரும் ஒன்றாகத்தான் கண்டோம். ஏழாம் வீட்டில் தாளின் நார் கிளம்பி நின்றது. பிளேட்டால் சுரண்டிய தடம். அதனடியில் செவ்வாயின் எழுத்து மங்கலாக இன்னும் கிடந்தது. பக்கத்தில் ஆறாம் வீட்டில், வேறு மையில், புதுச் செவ்வாய் ஒன்று குடியேறியிருந்தது. ஏழில் செவ்வாய் என்றால் குற்றம், ஆறில் என்றால் பிழையில்லை. அதனால் நின்றுபோன கலியாணங்கள் எங்கள் ஊரில் எத்தனையோ.

"உது என்ரை மனிசியின்ரை கையெழுத்து," என்றார் அவர். ஊர் முத்திரையெல்லாம் பிடித்த மனிதருக்கு வீட்டுப் பிளேட் தெரியாமல் போயிருக்கிறது.

எனக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது, பல்லைக் கடித்து அடக்கினேன். செவ்வாய் எந்த வீட்டில் குடியிருந்தாலும் எனக்குக் கவலையில்லை. அந்த மாப்பிள்ளையோடு கதைக்கும்போது தங்கச்சியின் முகம் எப்படி இருக்கும் என்று நான் கண்டிருக்கிறேன். எனக்கு அந்தச் சாதகம் போதும்.

பட்டனைத் தொட்டுக்காட்டி, "ஐயா, கறுப்பு வெள்ளையிலை எடுக்கட்டே?" என்றேன்.

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டார். "ஓம் பிள்ளை. தாள் நல்ல வெள்ளையாய் வரட்டும்."

அவரைச் சாவகச்சேரி பஸ்ஸில் ஏற்றிவிட்டு, தங்கச்சிக்கு அழைத்து ஒன்றும் விடாமல் சொன்னேன். பாடசாலை என்றும் பாராமல் அவள் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. அன்று பின்னேரம் இரண்டு கோப்பை சோறு சாப்பிட்டாள்.

அம்மா மாப்பிள்ளையின் பிரதியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அவர்களுடைய குறிப்பு எவ்வளவு துப்புரவாக இருக்கிறது, பார்த்துப் படி என்று எனக்கொரு குத்தும் விட்டு, மஞ்சள் குழைக்க எழும்பினார். அந்தப் பிரதியின் நான்கு மூலையும் பூசி முடியுமட்டும் பொறுத்திருந்தேன்.

"ஏழாம் வீட்டிலையும் ஒண்டு வையுங்கோ அம்மா," என்றேன். "கொஞ்சம் தடிப்பாய்."