படித்து ஒப்புக்கொள்கிறேன்

"கமா, இடைவெளி, எழுத்து, புள்ளி. இது சரி. கமா, எழுத்து... இடைவெளி எங்க போய்த் தொலைஞ்சுது?"

ஆய்வுக் கட்டுரையின் மேற்கோள் பட்டியலைக் கமா அக்கா எப்போதும் கடைசி வரியிலிருந்து மேலே ஏறித்தான் படிப்பார். மேலிருந்து இறங்கினால் கண் பழக்கதோஷத்தில் வழுக்கிக்கொண்டு போய்விடுமாம். வலது கையில் மவுஸ். இடது கையில், கழுவிக் காயவைத்த ஓர் ஐஸ்கிரீம் குச்சி. அதைத் திரையில் வரிக்கு அடியில் வைத்துத் தாங்கிக்கொண்டே நகர்வார். அந்த நேரத்தில் யாராவது கதவைத் தட்டினால் தலையைத் திருப்பமாட்டார். "இங்க ஒருத்தருக்கு இனிஷியல் காணாமப் போயிருக்கு. தேடிக் குடுத்துட்டு வரேன், உக்காருங்க" என்பார். வந்தவர் உட்கார்ந்துதான் ஆகவேண்டும்.

பூச்சி ஆய்வு நிலையத்தில் அவருக்கு விதிக்கப்பட்ட வேலை புள்ளிவிவரம் பார்ப்பது. ஆனால் அங்கே எழுதப்படும் எந்தக் கட்டுரையும் அவர் மேசையில் ஒரு முறை படுத்து எழாமல் வெளியே போனதில்லை. ஓர் இதழ் ஆண்டை அடைப்புக்குறிக்குள் கேட்கும். இன்னொன்று வரியின் கடைசியில் கேட்கும். ஒன்றுக்கு அட்டவணைகள் கட்டுரைக்குள்ளேயே வேண்டும். மற்றொன்றுக்குத் தனிக்கோப்பில் வேண்டும். சுருக்கத்தில் ஒரு சொல் கூடினாலும் இணையதளம் வாயை மூடிக்கொள்ளும். "ஒவ்வொரு இதழும் ஒரு மாமியார்" என்பார் அக்கா. "ஒருத்தங்களுக்கு டீ கொதிக்கணும், இன்னொருத்தங்களுக்கு ஆறி இருக்கணும். டீ என்னமோ அதே டீதான்."

அவருடைய அறையில் ஜன்னலோரமாக இன்னொரு நாற்காலி இருக்கிறது. அதில் அவர் கணவர் உட்கார்ந்திருப்பார். நிலையத்தில் அவருக்குப் பெயர் பூச்சிக்காரர். இப்போது அவருக்கு அங்கே வேலை ஏதும் இல்லை. வீட்டில் தனியாக விட முடியாததால் அக்கா தினமும் கையோடு கூட்டிக்கொண்டு வருகிறார். வெளியே வண்டி நிறுத்துமிடத்தில் ஒரு கார் பின்னால் வந்தால் அவர் பார்ப்பார். முன்னால் போனாலும் பார்ப்பார். முகம் சாந்தமாகத்தான் இருக்கும்.

பழமரங்களின் தண்டைத் துளைக்கும் ஒரு வண்டைத்தான் அவர் தன் ஆயுள் முழுக்கத் துரத்தினார். அதன் புழு மரத்துக்குள்ளேயே இருந்து தின்னும். வெளியே இலை பச்சையாக இருக்கும், காய் காய்க்கும். ஒரு நாள் சின்னக் காற்றுக்கு மரம் அப்படியே சாய்ந்துவிடும். சாய்ந்த பிறகு மருந்தடித்து என்ன பயன்? பூச்சிக்காரர் மரத்தண்டில் ஒரு சின்ன மைக்கை ஒட்டி, உள்ளே புழு மெல்லும் சத்தத்தைப் பதிவு செய்தார். சத்தத்தை வைத்தே புழு இருக்கிறதா, எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்று சொல்ல ஒரு முறையைக் கண்டுபிடித்தார். தோப்பு தோப்பாக அலைந்து பதிவு செய்து கொண்டுவருவார். அக்கா கணக்குப் போடுவார். கட்டுரை எழுதலாம் என்று அக்கா சொல்லும்போதெல்லாம் ஒரே பதில்தான். "இன்னும் ஒரு பருவம் பாத்துடலாம்மா. அவசரப்பட்டு என்ன ஆகப்போகுது?"

அந்த இன்னும் ஒரு பருவத்தில்தான் அது நடந்தது. ஒவ்வொரு பதிவின் தொடக்கத்திலும் பூச்சிக்காரர் தன் குரலில் தேதியையும் தோப்பையும் சொல்லிவிட்டுத்தான் மைக்கை மரத்தில் ஒட்டுவார். அந்தப் பருவத்தின் பதிவுகளை அக்கா வரிசையாகக் கேட்டுக்கொண்டு வந்தார். ஆற்றங்கரைத் தோப்பு. அடுத்ததும் ஆற்றங்கரைத் தோப்பு. அதற்கடுத்ததும் அதேதான். ஏதோ கோப்பு மாறிப்போயிற்று என்று நினைத்து முதலிலிருந்து போட்டுக் கேட்டார். பருவம் முழுக்க, ஊர் ஊராகப் போய்வந்த மனிதர் ஒரே தோப்பின் பெயரைத்தான் சொல்லியிருந்தார். குரலில் துளி சந்தேகம் இல்லை. டாக்டர் அந்த நோய்க்குப் பெயர் வைத்துச் சொன்னது அதற்கு வெகுகாலம் கழித்து. அக்காவுக்கு அன்றைக்கே தெரிந்துவிட்டது.

கட்டுரையை அக்காதான் எழுதி முடித்தார். கணவரின் பெயர் முதலில், தன் பெயர் அடுத்து. ஆய்வுமுறைப் பகுதியில் ஒரு வரி வந்தது: 'பதிவுப் பிழைகள் காரணமாக ஒரு பருவத்தின் தரவுகள் விலக்கப்பட்டன.' அந்த ஒரு வரியை எழுத அவருக்கு ஆனது போல வேறு எந்தப் பக்கத்துக்கும் நேரம் ஆகவில்லை. முதலில் அனுப்பிய இதழ் திருப்பி அனுப்பியது. அடுத்ததும் திருப்பியது. ஒவ்வொரு முறையும் அடைப்புக்குறிகளைப் பிரித்து, புள்ளிகளைப் பிடுங்கி, வேறு இடத்தில் நட்டு, படங்களை மறுபடி வரைந்து அனுப்பினார். மூன்றாவது இதழின் மதிப்பீட்டாளர் ஒருவர் கட்டுரையைப் பாராட்டிவிட்டுக் கடைசியில் கேட்டிருந்தார்: 'எத்தகைய பதிவுப் பிழை? தெளிவாக விளக்கவும்.'

அக்கா எழுந்துபோய் டீ போட்டு ஒரு கோப்பையைக் கணவர் கையில் கொடுத்தார். அவர் குடித்து முடிக்கும் வரை பக்கத்திலேயே நின்றார். பிறகு வந்து உட்கார்ந்து, 'பதிவு செய்தவருக்கு அப்பருவத்தில் நினைவுத்திறன் குறையத் தொடங்கியிருந்தது' என்று அடித்தார். காற்புள்ளி எதுவும் தேவைப்படாத வாக்கியம். ஆனாலும் இரண்டு முறை படித்துப் பார்த்துவிட்டுத்தான் அனுப்பினார்.

கட்டுரை ஏற்கப்பட்டது.

நிலையத்தில் எல்லோரும் வந்து கைகுலுக்கினார்கள். பூச்சிக்காரரும் எழுந்து நின்று எல்லோருக்கும் கை கொடுத்தார். அதன் பிறகு அந்த மின்னஞ்சல் வந்தது. இது கடைசிச் சடங்கு. எல்லா இதழ்களிலும் இருப்பதுதான். ஒவ்வோர் ஆசிரியருக்கும் தனித்தனியாக ஓர் இணைப்பு வரும். திறந்தால் ஒரு சிறு கட்டம். 'இறுதி வடிவத்தை முழுமையாகப் படித்தேன், புரிந்துகொண்டேன், வெளியிட ஒப்புக்கொள்கிறேன்.' கட்டத்தில் டிக் அடிக்கவேண்டும். எத்தனையோ பேருக்கு இதை அக்காவே பக்கத்தில் நின்று காட்டிக்கொடுத்திருக்கிறார். தன்னுடையதை அடித்தார். கணவருக்கு வந்ததைத் திறக்கவில்லை.

இதழுக்கு நிலைமையை விளக்கி எழுதினார். அவரால் ஒப்புதல் தர இயலாவிட்டால் பெயரை நீக்கலாம் என்று பதில் வந்தது. நீக்குவதற்கு அவரது கையொப்பமிட்ட சம்மதம் தேவை என்று அடுத்த வரி சொன்னது. மறுபடி எழுதினார். அதே பதில், அதே எழுத்துப்பிழையோடு மறுபடி வந்தது.

நிலையத்தின் தலைவர் வயதில் இளையவர். தலைவரானாலும் அக்காவுக்குத் தம்பிதான். அவர் வந்து கதவைச் சாத்திவிட்டு மெதுவாகப் பேசினார்.

"அக்கா, சாரோட பாஸ்வேர்டு உங்களுக்குத் தெரியும்ல?"

"தெரியும்."

"அப்புறம் என்ன? நீங்களே அடிச்சு விட்டுடுங்க. யாருக்குத் தெரியப்போகுது?"

"தம்பி, உங்களுக்கு முன்னாடி இருந்த தலைவர் பேரை இவர் ஒரு கட்டுரையில இருந்து அடிச்சாரு. ஞாபகம் இருக்கா? இதே ரூம்ல நின்னுதான் சண்டை போட்டாங்க. 'படிக்காதவன் பேரு என் கட்டுரையில வராது'ன்னாரு. அதுக்காகப் பதவி உயர்வு போச்சு. கவலையே படல."

"அது வேற அக்கா. இது சார் சொந்தமா செஞ்ச வேலை."

"வேலை அவரோடதுதான். படிச்சேன், புரிஞ்சுதுன்னு அவரைச் சொல்லச் சொல்றாங்களே."

தலைவர் ஜன்னல் பக்கம் பார்த்தார். பூச்சிக்காரர் அவரைப் பார்த்துச் சிரித்தார்.

"செத்துப்போனா ஒரு வழி இருக்கு தம்பி. விதியைத் தேடிப் படிச்சேன். கூட எழுதினவங்க சொன்னாப் போதுமாம், பேருக்கு மேல ஒரு சிலுவைக் குறி போட்டு வெளியிடுவாங்களாம். உயிரோட இருந்தாத்தான் வழி இல்ல."

சொன்ன பிறகுதான் அந்த வார்த்தை எங்கே கொண்டுபோய் விடுகிறது என்று அக்காவுக்கு உறைத்தது. இந்தக் கட்டுரை வெளிவர வேண்டுமானால் இவர் போக வேண்டும். அப்படி நினைத்தோமா, நினைக்கவில்லையா என்று தெரியாமல் எழுந்துபோய்க் கழிவறையில் குழாயைத் திறந்துவிட்டுத் தண்ணீர் கையில் விழுவதைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

ஒப்புதலுக்கு இதழ் வைத்த கெடு நெருங்கிவிட்டது. பூச்சிக்காரருக்குக் குளித்த பிறகான காலை நேரம் கொஞ்சம் தெளிவாக இருக்கும். ஒரு நாள் காலையில் அக்கா அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, நாற்காலியை அவருக்கு எதிரே இழுத்துப் போட்டு, கட்டுரையை முதல் வரியிலிருந்து வாசித்தார். அன்றைக்குக் குச்சி இல்லை. புரியாத சொற்களை நிறுத்திப் பேச்சுமொழியில் சொன்னார். அவர் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார். 'வெளியே பச்சையாக இருக்கும்போதே' என்ற இடம் வந்தபோது தலையை ஆட்டினார். அக்கா வாசிப்பதை நிறுத்தினார். சட்டென்று ஒரு பதிவைப் போட்டார். அறை முழுக்க அந்தச் சத்தம்: கறுக், கறுக் என்று, நிற்காமல்.

"இது என்னன்னு சொல்லுங்க பாக்கலாம்."

அவர் கண்ணை மூடிக் கேட்டார். "யாரோ சாப்பிடுறாங்க."

"யாருங்க?"

"தெரியல. நல்ல பசி போல. சாப்பிடட்டும், விட்டுடுங்க."

விட்டுடுங்க. கல்யாணமான நாளிலிருந்து அவர் அக்காவை 'நீ' என்றும் 'ம்மா' என்றும்தான் பேசியிருக்கிறார். அக்கா பதிவை நிறுத்தினார். கேட்டது சரிதானா என்று உறுதிசெய்துகொள்ளப் பயமாக இருந்தது. மிச்சப் பக்கங்களையும் வாசித்து முடித்தார்.

"நல்லா எழுதியிருக்காருங்க" என்றார் பூச்சிக்காரர். "யாருங்க அது?"

"நீங்கதான்."

அவர் வெட்கப்பட்டுச் சிரித்தார். "கிண்டல் பண்ணாதீங்க மேடம்." பிறகு முகம் மாறி, அக்கறையாகச் சொன்னார்: "அவர் பேரை மறக்காமப் போட்டுடுங்க. பாவம், ரொம்ப அலைஞ்சிருக்காரு."

அக்கா அவர் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "இது வெளிய வரட்டுமா? சொல்லுங்க. உங்களுக்குச் சம்மதம்தானே? சம்மதம்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, போதும்."

"என்கிட்ட ஏங்க கேக்குறீங்க?" என்றார் அவர், நிஜமாகவே குழம்பி. "அவர்கிட்டல்ல கேக்கணும்?"

அன்று மதியம் அக்கா கணவரின் மின்னஞ்சலைத் திறந்தார். இணைப்பையும் திறந்தார். மவுஸின் அம்பு கட்டத்தின் மேல் போய் நின்றது. வெகுநேரம் அங்கேயே நின்றது. பிறகு திரையை மூடிவிட்டு, வேறு ஒருவருடைய கட்டுரையின் அட்டவணைகளை எடுத்துச் சரிபார்க்கத் தொடங்கினார். ஒரு பிழைகூட விடவில்லை என்று அந்தக் கட்டுரைக்காரர் பிற்பாடு எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

கெடு முடிந்ததும் இயந்திரம் எழுதிய இரண்டு வரிச் செய்தி வந்தது. உரிய ஒப்புதல் கிடைக்காததால் கட்டுரை திரும்பப் பெறப்பட்டதாகக் கருதப்படும். தங்கள் ஆர்வத்துக்கு நன்றி. தலைவர் ஓடிவந்தார். "வேற இதழுக்கு அனுப்பலாம் அக்கா, நானே கூட உக்காந்து ஃபார்மட் பண்றேன்."

"எல்லாத்துலயும் கடைசியில அந்தக் கட்டம் இருக்கு தம்பி" என்றார் அக்கா. குரலில் கோபம்கூட இல்லை. "அதைத் தாண்டி எனக்கு ஃபார்மட் பண்ணத் தெரியல."

தலைவர் போன பிறகு அக்கா கணினியை அணைத்தார். கிளம்பலாம் என்று கணவர் பக்கம் திரும்பினார். பூச்சிக்காரர் அதற்குள் தானாகவே கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டு, கதவருகே தயாராக நின்றிருந்தார். பொத்தான்களை ஒரு துளை தள்ளிப் போட்டிருந்தார். கழுத்தருகே ஒன்று மிச்சமாக நின்றது, கீழே ஒரு முனை தொங்கியது. அக்கா கிட்டே போனார். கை முதல் பொத்தான் வரை உயர்ந்தது. அதைத் தொட்டது. பிறகு இறங்கி, அவர் கையைப் பிடித்துக்கொண்டது. இருவரும் அப்படியே வெளியே நடந்தார்கள்.