சாயங்காலம் திருப்பி வாங்காத கவலை

ஞாயிற்றுக்கிழமை மதியம் மாவரைத்துக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டு மாமி வந்து வாசற்படியிலேயே நின்றார். எங்கள் தெருவில் போன் இருப்பது அவர் வீட்டில்தான். "வசந்தா, பாலக்கரைலேர்ந்து போன் வந்தது. உங்க ஸ்டெல்லா அக்கா காலம்பர போயிட்டாளாம்" என்றார். எனக்கு அழுகை வரவில்லை. "ஜெசி மாத்திரை போட்டாளாமா?" என்று கேட்டேன். மாமி என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுத் தண்ணீர் கொண்டுவர உள்ளே போனார்.

ஜெசி, ஸ்டெல்லா அக்காவின் மகள். அவ்வளவு பெரிய சேதிக்கு அப்படி ஒரு கேள்வியை ஏன் கேட்டேன் என்பதை அக்காவோடு வேலை பார்த்த உங்களுக்குச் சொல்ல வேண்டும். உங்களுக்குச் சொன்னால்தான் எனக்கும் கொஞ்சம் மூச்சு வரும்.

நான் வேலையில் சேர்ந்த புதிதில் எப்படி இருந்தேன் என்று மூத்தவர்களுக்கு நினைவிருக்கும். மருங்காபுரிப் பக்கத்திலிருந்து வந்து ஸ்ரீரங்கத்தில் குடியேறியிருந்தோம். பையன் மூன்றாம் வகுப்பு, பெண் ஒன்றாம் வகுப்பு. கணவருக்குத் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. காலையில் ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் ஏறி, பஸ் காவிரிப் பாலத்தைத் தொட்டதும் எனக்குக் கவலை தொடங்கிவிடும். ஸ்டவ்வை அணைத்தேனா, பையனுக்குச் சாவியைக் கொடுத்தேனா, பாப்பாவுக்கு உடம்பு சுட்டதே, அது வெயிலா காய்ச்சலா? ஜங்ஷனில் இறங்குவதற்குள் வீட்டை மனத்துக்குள் நாலு தரம் கொளுத்தி அணைத்துவிட்டிருப்பேன். கவலைப்படுவதில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது.

ஸ்டெல்லா அக்கா அதே பஸ்ஸில் பாலக்கரையில் ஏறுவார். ஒரு வாரம் என் முகத்தைப் பார்த்தவர், மதியச் சாப்பாட்டு நேரத்தில் டிபன் பாக்ஸைத் திறந்தபடியே கேட்டார்: "இன்னிக்கு எது உன்னைத் திங்குது? அதை எங்கிட்ட குடு." பாப்பாவின் காய்ச்சல் என்றேன். "சரி, இனிமே அது என்னுது. சாயங்காலம் மணி அடிக்கிற வரைக்கும் நீ அதைத் தொடக்கூடாது. பதிலுக்கு என்னுது ஒண்ணு வச்சுக்க. வீட்ல பூனை குட்டி போட்டிருக்கு, போறப்ப பால் வாங்கணும். ஞாபகப்படுத்து" என்றார். மூன்று மணிக்கு அவரே எங்கிருந்தோ பள்ளிக்கூடத்துக்குப் போன் பண்ணி, பாப்பா விளையாடிக்கொண்டிருக்கிறாள் என்று வந்து சொன்னார். நானும் கடமையாகப் பூனைப் பாலை ஞாபகப்படுத்தினேன். அன்று தொடங்கிய கவலை மாற்றல்தான் நம் ஆபீஸ் பெண்கள் அறையில் இன்றுவரை நடக்கிறது.

என் கணவர் கெட்டவர் இல்லை. காய் வாங்குவார், துணி காயப்போடுவார். ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா எங்கள் வீட்டுக்கு வந்தபோது, "நான் எல்லாம் செய்வேங்க. சொன்னா போதும்" என்றார் பெருமையாக. அக்கா சிரித்தார். "அந்தச் சொல்றதுதான் தம்பி பாரமே. வேலைக்குப் பங்கு வர எல்லாரும் இருக்காங்க. ஞாபகத்துக்குப் பங்கு வர ஒருத்தரும் இல்ல. இனிமே ஸ்கூல் சமாச்சாரம் மொத்தமும் உங்க தலையில. மறந்தா மறக்கட்டும். வசந்தா, நீ வாயைத் திறக்கப்படாது."

அந்த வாரமே மறந்தார். வெள்ளை ஷூ போட வேண்டிய நாளில் பையன் ரப்பர் செருப்போடு போய், வகுப்புக்கு வெளியே நின்றான். எனக்கு நாக்கு துறுதுறுத்தது. பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். பையன் அழுதுகொண்டே அப்பாவிடம் போய் நின்றான், என்னிடம் வரவில்லை. அதற்குப் பிறகு அவர் ஷூவை மறந்ததே இல்லை.

அதே ஞாயிறன்று அக்கா இன்னொன்றும் செய்தார். காவிரியில் வெள்ளம் வந்து பாலத்தை அடைத்துவிட்டால், நான் ஒரு கரையிலும் பிள்ளைகள் ஒரு கரையிலும் கிடப்போமே என்பது என் தீராத பயம். எல்லோரும் கேலி செய்வார்கள். அக்கா செய்யவில்லை. "உங்க தெருவுல ஆத்தைத் தாண்ட வேண்டிய அவசியம் இல்லாதவங்க யாரு?" என்று கேட்டார். பக்கத்து வீட்டு மாமி. ஆசாரமான வைஷ்ணவக் குடும்பம். நான் பயந்துபோய் முகம் பார்த்துச் சிரித்ததுகூட இல்லை. அக்கா என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் வாசலில் நின்றார். "மாமி, பாலத்தை அடைச்சுட்டா இந்தப் பிள்ளைங்க உங்க பிள்ளைங்க. சரிங்களா?" மாமி, "இதை வந்து கேக்கணுமா என்ன? பெருமாள் பார்த்துப்பார், நானும் பார்த்துக்கறேன்" என்றார்.

அடுத்த மழைக்காலத்தில் பாலத்தை அடைத்தே விட்டார்கள். சத்திரம் பஸ் ஸ்டாண்டில் நின்று, ஆம்பளை பொம்பளை பாராமல் எல்லார் முன்னாலும் வாய்விட்டு அழுதேன். கணவரும் ஷிப்டில் இக்கரையில்தான் இருந்தார். பஸ் ஸ்டாண்ட் வரை என்னோடு வந்திருந்த அக்கா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். "அந்தக் கவலை எங்கிட்டதான் இருக்கு. அதை நாம ஏற்கெனவே யோசிச்சு முடிச்சாச்சு. வா, வீட்டுக்குப் போவோம்." மாமி வீட்டுக்கு அப்போது போன் வந்திருக்கவில்லை; பிள்ளைகள் அந்நேரம் அவர் வீட்டுக் கூடத்தில் தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள் என்பது மறுநாள்தான் எனக்குத் தெரிந்தது.

அன்று பாலக்கரையில் அக்கா வீட்டில்தான் ஜெசியை முதலில் பார்த்தேன். அப்போது அவள் பாவாடை தாவணி போட்ட பெண். பேச்சும் சிரிப்பும் சின்னக் குழந்தை மாதிரி. வலிப்பு வரும். வேளாவேளைக்குச் சாப்பிட்டதும் மாத்திரை போட வேண்டும். ஒரு வேளை தவறினாலும் அவள் எங்கே விழுவாள், எதில் விழுவாள் என்று சொல்ல முடியாது. அக்கா மாத்திரையைக் கொடுத்து, அவள் விழுங்கினாளா என்று வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தார். இத்தனை நாளாக அக்கா எனக்குக் கொடுத்ததெல்லாம் பூனைப் பால், நூல்கண்டு மாதிரிச் சின்னக் கவலைகள்தான் என்று அப்போதுதான் உறைத்தது. கோபமே வந்துவிட்டது. "ஏங்க்கா, இதை ஏன் எங்கிட்ட ஒரு நாள்கூடக் குடுக்கல?"

"இது ஒரு நாளைக்குக் குடுக்கற கவலை இல்லம்மா" என்றார்.

அதற்குப் பிறகு பல வருஷம் அதைப் பற்றி அவர் பேசவே இல்லை. போன மாதம் ஆஸ்பத்திரியில் பார்க்கப் போனபோது பேசினார். குரல் மெலிந்திருந்தது. "வசந்தா, இப்ப உனக்கு ஒரு கவலை குடுக்கப்போறேன். இதைச் சாயங்காலம் திருப்பி வாங்கிக்க மாட்டேன்." ஜெசியைத்தான் சொல்கிறார் என்று எனக்குப் புரிந்துவிட்டது. பிறகு தன் மகனைப் பற்றிச் சொன்னார்: "அந்தோணி தங்கமான பிள்ளை. தங்கச்சிக்குச் சொன்னதெல்லாம் செய்வான். சொல்றதுக்கு ஒரு ஆள் வேணும். நீ ஒண்ணும் செய்ய வேண்டாம். ஞாபகம் மட்டும் வச்சுக்க." ஸ்டவ்வை அணைத்தேனா என்று பாதி வழியில் திரும்பி ஓடுகிறவளிடமா இதைக் கொடுப்பது என்று கேட்டேன். அக்கா முன்போலவே சிரித்தார். "கவலைப்படத் தெரிஞ்சவகிட்டதானேடி குடுக்கணும்."

அடக்கத்தன்று வீடு நிறையக் கூட்டம். ஜெபம் சொல்கிறவர்கள், மாலை கொண்டுவருகிறவர்கள், காபி கொடுக்கிறவர்கள். ஜெசி ஒரு மூலையில் யாரோ கொடுத்த பன்னைப் பிய்த்துத் தின்றுகொண்டிருந்தாள். அந்தோணியிடம் போய், "தம்பி, மாத்திரை?" என்றேன். முகம் வெளுத்து உள்ளே ஓடினான். அவள் விழுங்கியதும் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தேன். அப்புறம்தான் எனக்கு அழுகை வந்தது.

அன்றிலிருந்து காலை, மதியம், ராத்திரி என்று அதே நினைப்புதான். மாமி வீட்டுப் போனிலிருந்தும் ஆபீஸ் போனிலிருந்தும் வீட்டோடு சேர்ந்த அந்தோணியின் கடைக்குக் கூப்பிட்டு, "கொடுத்தாச்சா?" என்று கேட்கிறேன். அவனும் பழகிக்கொண்டு வருகிறான். ஆனால் ஷூவைப் போல, மறந்தால் மறக்கட்டும் என்று இதில் விட்டுப் பார்க்க முடியாதே. எனக்குக் காய்ச்சல் வந்தால் என்ன ஆகும்? நான் ஊருக்குப் போனால்? நானே ஒரு நாள் மறந்துவிட்டால்?

ஸ்டெல்லா அக்காவிடமிருந்து சிலர் ஜெபமாலையை வைத்துக்கொண்டார்கள், சிலர் புகைப்படத்தை. நான் வைத்திருப்பது இந்தக் கவலையைத்தான். அது ஒரு நாளைக்குக் கொடுக்கிற கவலை இல்லை என்று அக்கா சொன்னது உண்மை. அவர் ஒற்றை ஆளாகத் தூக்கினார், அதனால் அப்படிச் சொன்னார். நம் பெண்கள் அறையில் நாம் இத்தனை பேர் இருக்கிறோம். நாளை மதியம் டிபன் பாக்ஸைத் திறக்கும்போது யாராவது ஒருவர் என்னிடம், இன்று எது உன்னைத் தின்கிறது என்று கேளுங்கள். ஜெசியைத் தருகிறேன். அன்றைய மதிய மாத்திரையை மட்டும் நினைவில் வைத்திருந்துவிட்டு, சாயங்காலம் மணி அடித்ததும் என்னிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.